மாமன் காலு, மருமகன் காலு: டாக்டரம்மா பதில்கள்

இந்த மாசம் வந்த லெட்டருங்கள பிரிச்சுப் பாத்தா நாலு லெட்டரு யூரிக் ஆசிட் பத்தித்தான். அதுல மொத லெட்டரப் படிச்சுட்டு எனக்கு ராத்திரி தூக்கமே வர்லீங்க. அதுக்கே எச்சா எடம் குடுத்திருக்கேன், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: டாக்டரம்மா, வணக்கமுங்க. எம் பையனுக்கு 19 வயசு, திருப்பூர்ல காலேஜ் படிக்கறான். போன ஆடி நோம்பி அன்னிக்கு ராத்திரி கால் கட்டைவெரலு வீங்கிச் செவந்து, போர்வை பட்டாக்கூட அலறுனான். சுளுக்குன்னு நெனச்சு எண்ணெய் போட்டு நீவி விட்டோம், இன்னும் மோசமாயிருச்சு. ரெண்டு மாசம் கழிச்சு முதுகுல வலி, ஸ்கேன் எடுத்தா கிட்னில கல்லு. ரத்தத்துல யூரிக் ஆசிட் 11.4. எந் தம்பிக்கும் 22 வயசுல இப்படித்தான் ஆரம்பிச்சுது, இப்ப அவனுக்குக் காதும் சரியாக் கேக்கறதில்ல. எம் மாமியா, 'இவ கறியும் மீனுமா ஆக்கிப் போட்டு எம் பேரன் ஒடம்பக் கெடுத்துட்டா'ன்னு ஒறம்பரை முன்னாடியே சொல்றாங்க. நாங்க ஞாயித்துக்கெழமை ஒரு நாளுதான் கறி எடுக்கறது. கோயமுத்தூர் டாக்டரு பிஆர்பிஎஸ்1னு ஒரு ஜீன் டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்காரு, அது என்னங்க? இன்னொன்னு, எந் தம்பி மகளத்தான் எம் பையனுக்குன்னு சின்னதுலயே பேசி வெச்சிருக்கோம், அதுவும் மனசுல உறுத்துது.
- பேரு போட வேண்டாம்னு கேட்டவங்க, காங்கேயம் பக்கம்

பதில்: அம்மணி, மொதல்ல இந்தப் பக்கத்த உங்க மாமியாகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை அரைக்கிலோ கறி எடுத்து அஞ்சு பேரு சாப்பிட்டதுக்கு 19 வயசுப் பையனுக்கு யூரிக் ஆசிட் 11.4 வராது. ஒடம்புல இருக்கற யூரிக் ஆசிட்ல சுமாரா மூணுல ஒரு பங்குதான் சாப்பாட்டுல இருந்து வர்றது, மீதி ரெண்டு பங்கு நம்ம ஒடம்பே செய்யற பியூரின்ல இருந்து வர்றது. உங்க சமையல் மேல பழி போடறதுக்கு இதுல எடமே இல்லீங்க.

பியூரின்னா ஏதோ விஷம்னு நெறையப் பேரு நெனைக்கறாங்க, அது அப்படி இல்ல. டிஎன்ஏல நாலு எழுத்து இருக்குதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க, அதுல ஏ, ஜி ரெண்டும் பியூரின்தான். நாம கைய மடக்கறதுக்கும் மூச்சு விடறதுக்கும் செலவாகற ஏடிபி (ATP)ங்கற சக்திப் பொருளுக்குள்ளயும் பியூரின்தான் இருக்குது. அது இல்லாம ஒரு செல்லு கூட இன்னொரு செல்லாப் பிரிய முடியாது. பழசாகிப் போற பியூரின ஒடம்பு ஒடச்சுத் தள்ளறப்ப கடைசியா மிஞ்சற குப்பைதான் யூரிக் ஆசிட். ஆடு மாடு நாய்க்கெல்லாம் அதையும் கரைச்சு விடறதுக்கு யூரிகேஸ்னு ஒரு என்சைம் இருக்குது. மனுசனுக்கும் கொரங்கு வகையில நமக்கு ரொம்ப நெருக்கமான சிலதுக்கும் அந்த ஜீன் எப்பவோ செத்துப் போச்சு. அதனாலதான் நாம மட்டும் கட்டைவெரலப் புடிச்சுட்டு உக்காந்திருக்கோம், கட்டுத்தறில நிக்கற மாடு நிம்மதியா அசை போடுது.

இப்ப உங்க டாக்டரு எழுதுன ஜீனுக்கு வர்றேன். பிஆர்பிஎஸ்1ங்கறது ஒரு என்சைம் செய்யறதுக்கான குறிப்பு, அவ்வளவுதான். அந்த என்சைமு 318 அமினோ அமிலம் கோத்த ஒரு மாலை. அது செய்யற வேல என்னன்னா, ரைபோஸ்னு ஒரு சின்ன சர்க்கரையோட பாஸ்பேட்ட எடுத்து, ஏடிபில இருந்து இன்னும் ரெண்டு பாஸ்பேட்ட அது தலைல ஏத்தி பிஆர்பிபின்னு ஒரு பொருளாக்கி விடறது. பியூரின் கட்டற வேல மொத்தமும் இந்த பிஆர்பிபி மேலதான் ஆரம்பிக்குது. அதுக்கு மேல பத்துப் படி ஏறித்தான் மொத பியூரின் வருது. அந்தப் பத்துப் படியக் கண்டுபுடிச்ச கதை எனக்கு ரொம்பப் புடிக்குமுங்க, 1940கள்ல ஜான் புக்கனன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி புறாவுக்கு அடையாளம் போட்ட கார்பன், நைட்ரஜன் கலந்த தீனி குடுத்து, அது போடற எச்சத்துல இருக்கற யூரிக் ஆசிட எடுத்து, எந்த அணு எங்கிருந்து வந்துச்சுன்னு ஒண்ணொண்ணாத் தேடிப் பாத்தாரு. அவரு ஒரு பக்கம், கிரீன்பெர்க்னு இன்னொருத்தரு ஒரு பக்கம்னு 1950கள்ல முழுப் பாதையும் தெரிஞ்சுது.

சரி, இந்த என்சைம்ல என்ன கோளாறு வரும்? கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துல இருக்கறவங்களுக்குச் சொன்னா உடனே புரிஞ்சுரும். வயலு நெறஞ்சுதுன்னா மடையச் சாத்தோணும். இந்த என்சைமுக்கும் ஒரு மடை இருக்குது, செல்லுல பியூரின் போதுமான அளவு சேந்துருச்சுன்னா, ADP (மேல சொன்ன ATP இல்ல, அதுல ஒரு பாஸ்பேட் கொறஞ்சது), GDPன்னு அந்தப் பியூரின் சரக்கே வந்து என்சைமோட ஒரு மூலைல உக்காந்து, போதும் நிறுத்துன்னு சொல்லும், வேல நிக்கும். சிலருக்கு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறிப் போயி அந்த மூலை கோணலாயிருது, நிறுத்துன்னு சொல்றது அதுக்குக் கேக்கறதில்ல. வயலு நெறஞ்சு வழிஞ்சாலும் மடை தொறந்தே கெடக்குது. இன்னும் சிலருக்கு மடை நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒண்ணு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு மூணு மடை வெச்ச மாதிரி என்சைமே எச்சா உண்டாகிருது. எப்படியிருந்தாலும் வழியற பியூரின் பூராவும் யூரிக் ஆசிட்டாத்தான் வந்து நிக்கும். ரத்தத்துல 6.8க்கு மேல போச்சுன்னா அது கரைஞ்சு நிக்காம ஊசி ஊசியா உப்பாப் படிய ஆரம்பிக்கும், ஒடம்புல குளுந்த எடம் கால் நுனிதான், அதனால கட்டைவெரல்ல மொதல்ல படியும், கிட்னில கல்லாகும். இத 1972ல இஸ்ரேல்ல ஸ்பெர்லிங்னு ஒருத்தரும் அவரு கூட இருந்தவங்களும் ஒரு குடும்பத்துல பாத்து எழுதுனாங்க, அதுக்கப்பறம் பல நாட்டுல பாத்திருக்காங்க, ஆனாலும் ரொம்ப அபூர்வந்தான்.

இந்த ஊசிய நான் கண்ணால பாத்திருக்கேன். படிக்கற காலத்துல ஒரு பெரியவரு முட்டியில இருந்து எடுத்த நீர ஒரு சொட்டு கண்ணாடில விட்டு மைக்ராஸ்கோப்புல வெச்சாங்க, போலரைஸ்டு வெளிச்சத்துல மஞ்சளும் நீலமுமா மின்னிட்டு கருவேல முள்ளு மாதிரி கூரா இருந்துச்சு. ஒரு வெள்ளை அணு அதுல ஒண்ண முழுங்கப் பாத்து, முள்ளு ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிட்டு நின்னுச்சு. அந்த வலி எதுனால போர்வை பட்டாக்கூடத் தாங்கறதில்லன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. உங்க பையன் அலறுனது நெசமான அலறலுங்க, அந்த எடத்த இனிமே யாரையும் நீவ விடாதீங்க.

மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே மாதிரி வந்துச்சே, அதுதான் உங்க டாக்டரு இந்த ஜீன நெனச்சதுக்குக் காரணம். பிஆர்பிஎஸ்1 இருக்கறது எக்ஸ் குரோமோசோம்ல. பொம்பளைக்கு எக்ஸ் ரெண்டு, ஆம்பளைக்கு ஒண்ணுதான், கூட ஒரு ஒய். பையனுக்கு எக்ஸ் வர்றது அம்மாகிட்ட இருந்து மட்டுந்தான், அப்பன் குடுக்கறது ஒய். உங்க அம்மாவுக்கு, அதாவது பையனோட அமுச்சிக்கு, ஒரு எக்ஸ்ல இந்த மாத்தம் இருந்திருந்தா அது உங்க தம்பிக்கும் வந்திருக்கும், உங்களுக்கும் வந்திருக்கும். உங்களுக்கு இன்னொரு எக்ஸ் நல்லா இருக்கறதால நீங்க தெரியாமலே தாங்கிட்டிருப்பீங்க, பையனுக்கு அந்த இன்னொண்ணு இல்ல. நம்ம பக்கம் காது குத்தறதுல இருந்து கல்யாணம் வரைக்கும் தாய்மாமன் முன்னாடி நிக்கோணும், இந்தச் சீக்கும் அதே வழில வருது.

அம்மா வழில வந்துச்சுன்னா அம்மா தப்புன்னு யாராச்சும் சொன்னா அவங்களுக்கு நான் பதில் சொல்றேன். உங்களுக்கு எந்த எக்ஸு வந்துச்சுன்னு நீங்க தேர்ந்தெடுக்கல, பையனுக்கு எத அனுப்பறதுன்னும் நீங்க தேர்ந்தெடுக்கல. உங்க அம்மாவுக்கும் அதேதான். எப்பவோ ஒரு தலைமுறைல டிஎன்ஏவ நகல் எடுக்கறப்ப ஒரு எழுத்து தப்பிப் போச்சு, அதுக்கு ஆளத் தேட முடியாது. ஆத்தா, உங்களுக்கும் ஒரு வார்த்தை, பேரன் மேல இருக்கற பாசத்துலதான் நீங்க பேசறீங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா வலி தாங்கற பையனும் பழி தாங்கற அம்மாவும்னு ரெண்டு பேரு ஒரே வீட்டுல கஷ்டப்படறாங்க, ஒருத்தருக்காச்சும் நீங்க சொமையக் கொறைக்கலாம்.

இதெல்லாம் டெஸ்ட்டுல அந்த மாத்தம் தெரிஞ்சாத்தான். யூரிக் ஆசிட் உப்பு மூட்டுல படிஞ்சு வர்ற இந்த வீக்கத்துக்கும் வலிக்கும் பேரு கவுட், அது சின்ன வயசுல வந்தவங்க எல்லாருக்கும் காரணம் இந்த ஜீன் இல்ல. பொதுவா கவுட் வர்றவங்கள்ல பத்துல ஒம்பது பேருக்குப் பிரச்சன எச்சா உண்டாகறது இல்ல, கிட்னி சரியா வெளிய தள்ளாதது. அத எப்படிப் பிரிச்சுப் பாக்கறதுன்னா 24 மணி நேரத்து மூத்தரத்த ஒரு கேன்ல புடிச்சுக் குடுக்கோணும். காலைல எந்திரிச்சதும் போற மொத மூத்தரத்த விட்டுட்டு, அடுத்த நாள் காலைல வர்ற மொத மூத்தரம் வரைக்கும் ஒரு சொட்டு கூட விடாம சேக்கோணும். சாதாரணச் சாப்பாட்டுல 800 மில்லிகிராமுக்கு மேல யூரிக் ஆசிட் வந்துச்சுன்னா ஒடம்பு எச்சா செய்யுதுன்னு சந்தேகம் வரும். அப்படியே இருந்தாலும் எக்ஸ்லயே இருக்கற எச்பிஆர்டி1ங்கற இன்னொரு ஜீன்ல அரைகொறையாக் கோளாறு இருந்தாலும் மாமன் மருமகன்னு இதே மாதிரிதான் வரும். அந்த ஜீன் முழுசாக் கெட்டுப் போனா வர்றது லெஷ் நைஹன்னு 1964ல எழுதுன கொடுமையான சீக்கு, அது உங்க பையனுக்கு இல்ல, பயப்படாதீங்க, அந்தக் கொழந்தைங்களுக்கு மொத வருசத்துலயே தெரிஞ்சுரும். ரெண்டு ஜீனையும் சேத்துப் பாக்கச் சொல்லி டாக்டருகிட்டக் கேளுங்க.

உங்க தம்பி காது விஷயத்த டாக்டருகிட்ட மறக்காமச் சொல்லுங்க, ஏன்னா பிஆர்பிஎஸ்1 கோளாறுல காது நரம்பு கெடறது உண்டு, அதுவே பெரிய துப்பு. பையனுக்கும் இப்பவே ஆடியோகிராம்னு காது கேக்கற டெஸ்ட் எடுத்து வெச்சுக்கோணும். இதே ஜீன் எச்சா வேல செய்யாம கம்மியா வேல செஞ்சாலும் சீக்குதான், அங்க யூரிக் ஆசிட் ஏறாது, காதும் நரம்பும் போகும். நெதர்லாந்துல ஒரு குடும்பத்துல பாத்த ஆர்ட்ஸ் சிண்ட்ரோமுக்குக் காரணம் இதே ஜீன்தான்னு 2007ல தெரிஞ்சுது, வெறும் காது கேளாமை மட்டும் வர்ற ஒரு வகைக்கும் இதுதான்னு 2010ல தெரிஞ்சுது. ஒரே மடை, தொறந்தே கெடந்தா ஒரு கஷ்டம், அடைச்சுக்கிட்டா வேற கஷ்டம்.

இப்ப கல்யாணப் பேச்சு. இத நான் மென்னு முழுங்காமச் சொல்றேன். டெஸ்ட்டுல பையனுக்கும் உங்க தம்பிக்கும் இந்த மாத்தம் இருக்குதுன்னு வந்துச்சுன்னா, தம்பி மகளுக்கு அது கட்டாயம் வந்திருக்கும், ஏன்னா அப்பன்கிட்ட இருக்கறதே ஒரு எக்ஸ், அதத்தான் மகளுக்குக் குடுத்தாகோணும். உங்க பையன் வெளில, இந்த மாத்தம் இல்லாத பொண்ணக் கட்டுனா அவனுக்குப் பொறக்கற ஆம்பளப் பசங்க ஒருத்தனுக்கும் இது வராது, ஏன்னா அவன் பையனுக்குக் குடுக்கறது ஒய். பொண்ணுங்க எல்லாரும் உங்க மாதிரி தாங்கறவங்களா இருப்பாங்க. மாமன் மகளையே கட்டுனா கணக்கு மாறிப் போகுது, பையன் பொறந்தா ரெண்டுல ஒரு வாய்ப்பு அவனுக்குச் சீக்கு, பொண்ணு பொறந்தாலும் ரெண்டுல ஒரு வாய்ப்பு அதுக்கு ரெண்டு எக்ஸும் கெட்டதா வந்து ஆம்பளப் பையனுக்கு வர்ற மாதிரியே வரும். அந்தப் புள்ளைக்கு விவரம் தெரியற வயசாயிருந்தா அதையும் உக்கார வெச்சு, பரம்பரைச் சீக்குக்கு ஆலோசனை சொல்ற ஜெனடிக் கவுன்சிலருகிட்டப் பேசுங்க, அது பேருல அதக் கேக்காம முடிவு எடுக்காதீங்க. பேச்ச நிறுத்துனா தம்பி மனசு சங்கடப்படும்தான், ஆனா அவனுக்குத்தான் அந்த வலி என்னன்னு உங்கள விட நல்லாத் தெரியும்.

வைத்தியம் இருக்குது, அதத் தெம்பாச் சொல்றேன். அலோபியூரினால்ங்கற மாத்திரை பியூரின் குப்பை யூரிக் ஆசிட்டா மாறற கடைசிப் படியத் தடுக்குது. கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ்னு ரெண்டு பேரு உண்டாக்குனது, இந்த மாதிரி மருந்துங்கள உண்டாக்குன வழிக்காக 1988ல நோபல் பரிசு வாங்குனாங்க. எலியன் அம்மாவுக்கு முறையா பிஎச்டி முடிக்கக்கூட அப்ப வாய்க்கல, பொம்பளைன்னு லேப்ல வேலையே குடுக்காம அலைய விட்டிருக்காங்க, அந்தம்மா கைதான் இன்னிக்கு உங்க பையனக் காப்பாத்தப் போகுது. மாத்திரை ஆரம்பிச்சு மொத ரெண்டு மாசத்துல தோலுல தடிப்போ வாய்ல புண்ணோ காய்ச்சலோ வந்தா அன்னிக்கே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடோணும். எச்சா உண்டாகறவங்களுக்கு யூரிக் ஆசிட மூத்தரத்துல தள்ளி விடற மாத்திரை குடுக்கக் கூடாது, கிட்னிலதான் கல்லு சேரும். தண்ணி நெறையக் குடிக்கோணும், காலேஜ் போறப்ப பையில ரெண்டு லிட்டரு பாட்டல் இருக்கட்டும், மூத்தரம் வெளுப்பாப் போகோணும்.

கேள்வி: யூரிக் ஆசிட் 8 இருக்குதுங்க. பருப்பே தொடக் கூடாதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளுப் பருப்பு இல்லாம நான் என்னதான் சாப்பிடறதுங்க?
- கோபிச்செட்டிபாளையம்

பதில்: நல்லாச் சாப்பிடுங்க. 47,150 ஆம்பளைங்கள 12 வருசம் தொடந்து பாத்து 2004ல அமெரிக்கால எழுதுனாங்க, ஆட்டுக்கறி மாட்டுக்கறி வகையும் மீனு எறாவும் எச்சா சாப்பிட்டவங்களுக்குக் கவுட் எச்சா வந்துச்சு, பருப்பு பயிறு கீரைல இருக்கற பியூரினால எச்சாகல, பால் தயிரு சாப்பிட்டவங்களுக்குக் கொறஞ்சுது. அரிசியும் பருப்பும் சாதத்துக்குத் தயிரு ஊத்திச் சாப்பிட்டா உங்களுக்கு நல்லதுதான். கொறைக்க வேண்டியது ஈரலு, கொடலு, மண்ணீரலு, பீரு, அப்பறம் பாட்டல்ல வர்ற இனிப்புக் கூல் டிரிங்ஸ். கூல் டிரிங்ஸ ஏன் சொல்றேன்னா அதுல இருக்கற பிரக்டோஸ் ஈரல்ல செலவாகறப்ப ஏடிபி ஒடஞ்சு யூரிக் ஆசிட்டாகுது. கொள்ளுக்குப் பயப்படறவரு கல்யாண வீட்டுல ரெண்டு கலர் குடிக்கறத நான் பாத்துட்டேதான் இருக்கேன்.

கேள்வி: பல்லடம் பக்கம் பிராய்லர் பண்ணை வெச்சிருக்கறோம். குஞ்சு செத்தா அறுத்துப் பாத்துட்டு 'கவுட்'ங்கறாங்க. மனுசனுக்கு வர்ற கவுட்டும் அதுவும் ஒண்ணா? அந்தக் கோழியத் தின்னா நமக்கு வருமா?

பதில்: பேரு ஒண்ணு, பொருளும் ஒண்ணு, காரணம் வேற. கோழி எச்சத்துல வெள்ளையாக் கூழு மாதிரி இருக்குதே, அதுதான் யூரிக் ஆசிட். மனுசன் யூரியாவா வெளிய விடற நைட்ரஜன அது யூரிக் ஆசிட்டாத்தான் விடும், தண்ணி கம்மியாச் செலவாகும். குஞ்சுக்கு கிட்னி கெட்டாலோ, தண்ணி கெடைக்காமப் போனாலோ, தீனில கால்சியம் எச்சானாலோ, சில வைரஸ் கிருமி வந்தாலோ அது வெளிய போகாம நெஞ்சு மேலயும் ஈரல் மேலயும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி படிஞ்சு நிக்கும், நீங்க அறுத்துப் பாத்தது அதுதான். அது தொத்தி மனுசனுக்குக் கவுட் வராது. அதுக்காக, செத்த கோழியத் திங்கறதப் பத்தி யோசிக்கவே கூடாது, குழி தோண்டிப் பொதைச்சுருங்க. நிப்பிள்ல தண்ணி ஒழுங்கா வருதான்னு தெனமும் பாருங்க.

கேள்வி: மூலனூர் பக்கம் நாலு தலைமுறையா வெள்ளாமைக்காரங்க. ஒரு ஏக்கரு கண்வலிக் கெழங்கு போட்டிருக்கறேன். வெதை கவுட் மருந்துக்குத்தான் போகுதுன்னு யாவாரி சொன்னாரு. எனக்கே யூரிக் ஆசிட் வலி இருக்குது, வெதைய இடிச்சு கொஞ்சம் தண்ணில போட்டுக் குடிக்கலாமுங்களா?

பதில்: குடிக்காதீங்க அண்ணா, கைய எடுத்துக் கும்புட்டுக் கேக்கறேன். யாவாரி சொன்னது நெசந்தான், கண்வலிக் கெழங்குங்கற செங்காந்தள் வெதைல கால்ச்சிசின்னு ஒரு மருந்துப் பொருள் இருக்குது, அதப் பிரிச்சு எடுத்துத்தான் மாத்திரையாக்கறாங்க. அந்த ஊசி குத்தற எடத்துக்கு வெள்ளை அணு கூட்டமா ஓடி வராம அது தடுக்கும், வலி அடங்கும். ஆனா மாத்திரைல இருக்கறது அரை மில்லிகிராமு. ஒரு கை வெதைல எவ்வளவு இருக்குதுன்னு கண்ணால அளக்க முடியாது, நோவு தீக்கற அளவுக்கும் உசுரெடுக்கற அளவுக்கும் நடுவுல எடைவெளி ரொம்பக் கொஞ்சம்.

நான் பயிற்சி டாக்டரா இருந்தப்ப ஒரு பொண்ணு இந்தக் கெழங்கத் தின்னுட்டு வந்துச்சு, மொத நாள் வாந்தி பேதி மட்டுந்தான், அடுத்த நாள் சாயந்தரம் எந்திரிச்சு உக்காந்து காப்பி குடிச்சுது, வார்டுல எல்லாரும் பொழச்சுருச்சுன்னு நெனச்சோம், ஒரு பெரிய டாக்டரு நாளைக்கு வீட்டுக்கு அனுப்பலாம்னுகூடச் சொன்னாரு. மூணாம் நாள் ரத்தத்துல வெள்ளை அணு சரசரன்னு எறங்கி, கிட்னி நின்னு, அஞ்சாம் நாள் போயிருச்சு. அது மொகம் இன்னும் எனக்கு மறக்கல. அந்த விஷத்துக்கு நம்ம ஆஸ்பத்திரிங்கள்ல மாத்து மருந்து கெடையாது. அதனால உங்க தோட்டத்துல வேல செய்யற யாராச்சும், கொழந்தைங்களாச்சும், தெரியாமத் தின்னாங்கன்னா, நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் 108க்குப் போன் பண்ணி ஐசியு இருக்கற ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க, கெழங்குல ஒரு துண்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

உங்க வலிக்கு ஒரு டாக்டரப் பாத்து, கிட்னி டெஸ்ட் எடுத்துட்டு அவரு எழுதற அளவுல மாத்திரை வாங்கிப் போடுங்க. வெதையப் பறிக்கறப்பவும் காய வெக்கறப்பவும் கையொறை போட்டுக்கோங்க, மூட்டைய அடுக்களைப் பக்கமோ தானிய மூட்டைங்க கூடவோ வெக்காதீங்க.